அம்சம் சொன்ன சாட்சி

அம்சம் மேலக்கரையில் நடவுக்குப் போகிறவள். கூலிப் போராட்டத்தில் பெண்களுக்கு முன்னால் கொடி பிடித்து நின்றவள். எழுபத்து மூன்றாம் வருஷம், பஞ்சநாதன் மளிகைக் கடையில் கடலை எண்ணெய் வாங்கிச் சமைத்த வீடுகளில் ஆட்களுக்குக் கால் வீங்கியது. அவள் புருஷன் ஐயாவு மண்வெட்டி தூக்க முடியாமல் படுத்துவிட்டார். எண்ணெயில் பிரம்மதண்டு என்ற முட்செடியின் நச்சு விதை எண்ணெய் கலந்திருக்கலாம் என்றார் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி டாக்டர்.

உணவு ஆய்வாளர் இராஜாங்கம் கடைக்கு வந்தார். எண்ணெயை விலைக்கு வாங்கி, மூன்று போத்தலில் ஊற்றி, வெளியாட்கள் பார்க்க அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். பஞ்சநாதனோ ஊர் வயல்களுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் மைத்துனர். கடையில் நின்றவர்கள் மெல்ல நழுவினார்கள். சாமிதுரை என்பவன் மட்டும் ஆய்வாளரிடம் மாட்டிக்கொண்டு அரைமனதாக நின்றான்.

உப்பு வாங்க வந்த அம்சம், "நானும் பார்க்கிறேங்க" என்று முன்னால் வந்தாள். முத்திரை வைத்து முடிந்ததும் சாமிதுரையும் அவளும் சாட்சித்தாளில் கைநாட்டு வைத்தார்கள்.

அதற்குப் பிறகு உள்ளூரில் யாரும் அவளை நடவுக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய் நட்டாள். பரிசோதனையில் கலப்படம் உறுதியாகியும் வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. நடுவில் இராஜாங்கத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒருநாள் பஞ்சநாதனே அவள் வாசலுக்கு வந்தார். "எதையும் பாக்கலன்னு சொல்லிடு அம்சம். அறுப்புக்கு நம்ம வயலுக்கே வந்துடலாம்."

"பார்த்தத எப்படிங்க பாக்கலன்னு சொல்றது?"

கோர்ட்டில் சாமிதுரை, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள் என்று சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட்டான். கேஸ் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். அடுத்து அம்சம் கூண்டில் ஏறினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "மிராசுதார் வீட்டோட உனக்குக் கூலித் தகராறு உண்டா இல்லையா?"

"உண்டுங்க."

"அந்த ஆத்திரத்துலதானே இந்தப் பொய்?"

"ஆத்திரம் இல்லாம இருக்குமாங்க? ஆனா மூணு போத்தல்ல ஊத்தி அரக்கு வெச்சத நான் பார்த்தேன். அது பொய்யில்லீங்க."

மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் அதையேதான் சொன்னாள்.

பகையை ஒளிக்காதவள் இதில் மட்டும் பொய் சொல்வாள் என்று கருத இடமில்லை; அம்சத்தின் சாட்சியமும் ஆய்வாளரின் சாட்சியமும் பொருந்துகின்றன என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பு வாசித்தார். பஞ்சநாதனுக்கு ஆறு மாதச் சிறை. அப்பீலிலும் அது நின்றது.

தீர்ப்பன்று ஐயாவு கம்பை ஊன்றிக்கொண்டு கோர்ட் தாழ்வாரத்தில் காத்திருந்தார்.

"உன் பேரைச் சொல்லித்தான் தீர்ப்பு படிச்சாரு. கேட்டியா?"

"கேக்காமயா?" என்றாள் அம்சம். அவர் நடைக்குத் தக்கபடி மெதுவாக, கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நடந்தாள்.