கவ்வாத்து வெட்டிய கை

பக்கவாதம் வந்து என் மனைவியின் வலது கை விழுந்தபோது, அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவளே தீர்மானித்தாள். "கவ்வாத்து வெட்டுன மலையில யாராச்சும் கொழுந்து எடுப்பாங்களா? தளிர் வரட்டும், சும்மா விடுங்க" என்றாள். தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்டுத் துளிருக்குக் காத்திருந்தே பழகிய எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. நான் ஊட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன். கை மடியில் கிடந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "நரம்பு அப்படி இல்லீங்க ஐயா. கையை வேலை வாங்கினாத்தான் மூளையில வளர்ச்சிச் சத்து நல்லா சுரக்கும். அது நரம்பு செல்லைச் சாகவிடாம காப்பாத்தும், புது இணைப்பு விடவும் வைக்கும்."

அந்தச் சத்தை மருந்தாக வாங்க முடியுமா என்று கேட்டேன். கடையில் கிடைக்காதாம். என் மனைவியின் மூளைதான் சுரக்க வேண்டுமாம்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில், கரண்டியைத் தொடாதபடி அவளுடைய இடது கையைத் துணியால் கட்டிவிடுகிறேன். வலது கை அள்ளும் சோறு பாதி வழியிலேயே சிந்துகிறது. தரையைத் துடைத்துத் துடைத்து என் முதுகு விட்டுப்போயிற்று. ஊட்டிவிடுவது இதைவிடச் சுலபமாக இருந்தது.

"பசிக்குதுன்னு சொல்றேன், பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசனா?" என்று நேற்றுக் கேட்டாள்.

அவள் கை மறுபடியும் தட்டுக்குப் போனது. என் கை தானாக எழுந்துவிடாமல், அதைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.