மேலே சூடு, கீழே குளிர், நடுவில் பொங்கல் பானை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிப்பது வானிலை அறிவியல்! அதனால் கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டில் நான் சொல்வதுதான் வானிலை அறிக்கை.

இந்தத் தைப்பொங்கலன்று விடியவே உறைமழை. துளிகள் விழுந்த இடத்திலேயே ஐஸாகப் படிந்தன.

"உள்ளுக்க பொங்குவமே?" என்றார் அம்மா.

"மேல சூட்டுக் காத்து வந்திட்டுது அம்மா. கொஞ்சத்தில கீழயும் சூடாகி ஐஸ் கரைஞ்சிடும். முத்தத்திலயே பொங்குவம்."

"பேராசிரியை சொல்லிப்போட்டா, பிறகென்ன!" என்று அப்பா முற்றத்து மரத்தடியில் அடுப்பை வைத்துப் பெரிய குடையைப் பிடித்தார்.

மழை விடவேயில்லை. கிளைகளில் ஐஸ் தடித்துக்கொண்டே போனது. பால் நுரைத்து எழும்பும் நேரம் தலைக்கு மேலே 'படார்' என்று ஒரு சத்தம்!

"அம்மா, ஓடி வாங்கோ!"

"பொறடி, பால் பொங்கேல்லை!"

அப்பா குடையை எறிந்துவிட்டு அம்மாவை இழுத்தார். பெரிய கிளை நேரே பானைமேல் விழுந்தது. பானை சப்பையானது, மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை!

மேலே தெற்கிலிருந்து சூடான ஈரக்காற்று வர, கீழே வடகிழக்கிலிருந்து குளிர்காற்று ஓயாமல் வந்துகொண்டிருந்தால் உறைமழை லேசில் நிற்காது. படித்திருந்தும் அன்று நான் காற்றின் திசையைப் பார்க்கவில்லை.

இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன். உறைமழை நாளில் கீழ்க்காற்று வடகிழக்கு என்றால் மரத்தடியில் காரைக்கூட நிறுத்த விடுவதில்லை. அப்பாவும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுகிறார்.