கெட்ட சத்தம்

எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் இருந்த எங்கள் மெல்லிசைக் குழுவில் நான்தான் பாஸ் கிதார். பகலில் அப்பாவின் நவதானியக் கடை, சாயங்காலமானால் கச்சேரி. பாஸ் வாசிப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தேடுவார்கள்.

மதுரையில் ஒரு கேசட் கடையில் ஜாஸ் பதிவு ஒன்று கிடைத்தது. அதில் ஒருவர் பாஸில் டிமினிஷ்டு ஸ்கேல் வாசித்திருந்தார். ஒரு முழுப்படி, ஒரு அரைப்படி என்று மாறி மாறி ஏறும் எட்டுச் சுரங்கள். எதில் நின்றாலும் வீடு வந்து சேர்ந்த நிம்மதி இருக்காது. டேப் நைந்துபோகும்வரை கேட்டு விரலைப் பழக்கினேன். வீட்டில் அதை உட்கார்ந்து கேட்டது என் தங்கை ஒருத்திதான்.

அவள் கல்யாண ரிசப்ஷன் பாளையம்பட்டி மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பந்தல்குடியில் லாரித் தொழில் செய்பவர்கள். எங்கள் குழுதான் கச்சேரி. விருந்தாளிகள் மேடையேறி போட்டோ எடுத்துக்கொள்ளும்போது பாட்டை நிறுத்திவிட்டு, சும்மா ஏதாவது வாசித்துக்கொண்டிருப்போம். கீபோர்டுக்காரர் நாலு கட்டைகளைச் சேர்த்தழுத்தி ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண் காட்டினார். தங்கைக்குப் பிடித்ததாயிற்றே என்று அந்த எட்டுச் சுரத்தில் இறங்கினேன். மணமேடையில் அவள் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அப்பாவிடம் வந்தார். "சினிமாவுல சாவு விழுகுறப்ப வர்ற சத்தம்ல இது? கெட்ட சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதான் தாலி கட்டுறப்ப கெட்டிமேளம் அடிக்கோம். நீங்க அதையே கூப்பிட்டு மேடையேத்தியிருக்கீகளே."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கை தானாக நின்றுவிட்டது.

பந்தல்குடியில் தங்கைக்கு வயிற்றில் தங்கிய பிள்ளை கலைந்தது. மறு வருடமும் அப்படியே. லோடு கவிழ்ந்ததற்கும் மழை பொய்த்ததற்கும்கூட என் கிதார்தான் காரணமானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம் கேட்கக் கிளம்பியவனை அம்மா தடுத்தாள். "நீ பேசுனா அவதாம்ப்பா வாங்கிக் கட்டிக்கணும்." கச்சேரியை விட்டால் அவளைப் பேசாமல் விடுவார்களோ என்று குழுவிலிருந்து விலகினேன். அப்போதும் விடவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அவளை ஒற்றைப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்தாயிற்று. சாப்பிடாமல் சுருண்டு கிடந்தவள் மறுநாள் மத்தியானம் வாய் திறந்தாள்.

"அண்ணே, அத வாசியேன்."

கரண்ட் இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லாத பாஸ், பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. கம்பியெல்லாம் துரு. நான் வாசிக்க, அவள் கிதாரின் மரத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

"இது எங்கண்ணே போயி முடியும்?"

"முடியாதுத்தா. நாமளா நிறுத்துனாத்தான்."

"அப்ப நிறுத்தாத."

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஃபேன் சத்தத்தில் இருந்த கொஞ்சமும் கேட்காமல் போயிற்று. அந்த வேக்காட்டில் அவள் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து, மறுபடியும் காதை வைத்துக்கொண்டாள்.