ஷட்டர் இறங்காத வீதி

எங்கள் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். பி.காம். படித்தவன் என்பதால் மனு எழுதுவதும் தீர்மானப் புத்தகம் வைத்திருப்பதும் என் வேலை. திருவண்ணாமலையில் எங்கள் வீதிக்குத்தான் முதலில் டியூப் லைட் வந்தது. முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்து சாக்கடைக்கு மூடி போட வைத்தோம். அதிலெல்லாம் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது அந்தப் புத்தகத்தைத் திறக்கவே கை கூசுகிறது.

சவ ஊர்வலம் வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கி, கடந்து போனதும் ஏற்றுவது வழக்கம். சுடுகாட்டுக்குப் போகும் வழி எங்கள் வீதி. சில நாள் இரண்டு மூன்று முறை இறக்க நேரும். வாங்க வந்தவர்கள் அடுத்த வீதிக்குப் போய்விடுகிறார்கள் என்று புகார் வந்தது. அதனால் சங்க உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ இறந்தால் மட்டும் இறக்குவது என்று தீர்மானம் போட்டோம். வாசகம் என்னுடையது. நன்றாக அமைந்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

போன ஆவணியில், என் பாத்திரக் கடைக்கு எதிரே பிளாட்பாரத்தில் பூட்டு ரிப்பேர் செய்துவந்தவர் இறந்துபோனார். வீதியில் பாதி ஷட்டருக்கு எண்ணெய் விட்டவர் அவர். பிளாட்பாரக்காரர்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. அவர் மனைவி பக்கத்திலேயே எலுமிச்சம்பழம் விற்பவர். அந்த அம்மாளின் தம்பி காலையில் என்னிடம் வந்தான்.

"நாலு மணிக்கு எடுக்கறோம் சார். இந்த வழியாத்தான் வரும். இருபது வருஷம் இங்கயே குந்திட்டிருந்தாரு. ஒரு நிமிஷம் கதவை இறக்கச் சொல்லணும்னு அக்கா கேட்டாங்க."

"சொல்லிடறேம்ப்பா, நீ போ."

ஜவுளிக் கடை வைத்திருக்கும் தலைவரிடம் போனேன். சிரித்தார்.

"யோவ் செக்ரட்டரி, நீ எழுதின ரூல்தானே? மை காயறதுக்குள்ள நீயே அழிக்கிறியா? இவனுக்கு இறக்கினா நாளைக்கு மொத்த பிளாட்பாரமும் கேக்கும்."

என் கடைக்குத் திரும்பிவிட்டேன். வேறு எந்தக் கடைக்கும் போய்ச் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு மேளம் கேட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளி விட்டுக் கடைக்கு வந்திருந்தாள். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இரு வரிசையையும் பார்த்தேன். ஒரு கடையும் இறங்கவில்லை. அவர் உட்காரும் இடம் வந்ததும் பாடையைத் தூக்கியவர்கள் சற்று நின்றார்கள். தம்பிக்காரன் என்னையே பார்த்தான்.

"இறக்கலையாப்பா?" என்றாள் மகள்.

"உள்ள கஸ்டமர் இருக்காங்கம்மா."

கடையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் கடைக்கு வருவதில்லை. நேராக வீட்டுக்குப் போய்விடுகிறாள். சாப்பிடும்போது அவள் தட்டைத் தள்ளினால்கூட எனக்குத் திக்கென்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில், யார் போனாலும் ஷட்டர் இறக்க வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். சண்டை வரும் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "சரி, எழுதிக்கோய்யா" என்றார் தலைவர். சொல்லியனுப்பிய டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

இன்னும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து, அந்த அம்மாள் பழையபடி எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். என்னவென்று போய்ச் சொல்வேன்? இனிமேல் யார் செத்தாலும் இறக்குவோம், உங்க வீட்டுக்காரருக்குத்தான் இறக்கலை என்றா?