சம்பந்தி வீட்டுக்குப் போகும் பெட்டி

மூடியின் குறுக்கே டேப்பை ஒட்டி முடித்ததும், அதன் ஒரு முனையைச் சுண்டுவிரல் நகத்தளவு உள்பக்கமாக மடித்துவிடுகிறார். பிறகு பெட்டியின் காதோரம் குனிந்து, "பத்திரமா போய்ட்டு வா" என்கிறார். நாங்கள் பெட்டிக்காரர் என்று அழைக்கும் இவருக்கு எங்கள் காசநோய் ஆய்வகத்தில் வேலையே இதுதான். நோயாளிகளின் சளி மாதிரிகளை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, விமானத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டிக்குக் காது எது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் காட்டிவிடுவார்.

வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமியை எந்த மருந்து அடக்கும் என்று பார்த்துச் சொல்லும் வசதி எங்களிடம் இல்லை. பல நாடுகள் கூடிச் செய்த ஏற்பாட்டின்படி, கடல் கடந்த ஓர் ஆய்வகம் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றித் தலைமை டாக்டர் மூச்சு விடாமல் பேசுவார். பெட்டிக்காரருக்கு அது சம்பந்தி வீடு, அவ்வளவுதான்.

"பொண்ணு வாடாம போய்ச் சேரணும் தம்பி. வாடிப்போச்சுன்னா அப்புறம் அவங்க பேச்சை நாம கேக்கணும்."

சம்பந்தி என்றால் குறை இல்லாமல் இருக்குமா? பெட்டி காலியாகத் திரும்பி வரும்போதெல்லாம் இவர் முகம் கடுகடுக்கும். அவர்கள் டேப்பை முனை தெரியாமல் வழவழவென்று ஒட்டியிருப்பார்கள். கத்தி வைத்தால் பெட்டியில் கீறல் விழும் என்று இவர் நகத்தாலேயே சுரண்டுவார். அங்கே பெட்டி கட்டுவது ஒரு பெண்மணி என்று எப்படியோ முடிவு கட்டியிருக்கிறார். "நான் எப்பவும் மடிச்சுதான் அனுப்புறேன். அந்தம்மா கண்ணுல படாமலா இருக்கும்? ஒரு மடிப்பு மடிச்சா கை தேஞ்சா போயிடும்?" என்று சுரண்டி முடிக்கும்வரை அர்ச்சனை நடக்கும்.

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் இவர் தலையில் கம்பளிக் குல்லாய் இருக்கும். கையில் ஆவி பறக்கும் வெந்நீர். ஐஸ் கட்டியோடு குடித்தனம் நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்? விமான நிலையத்துக்குப் போகும் வண்டியின் டிரைவரிடம் தினமும் ஒரே பல்லவிதான். "மெதுவா போப்பா, உள்ள ஆள் இருக்கு." டிரைவரும் சளைத்தவர் இல்லை. "சீட் பெல்ட் போட்டு விட்டீங்களாண்ணே?" என்பார்.

போன மாதம் நிஜமாகவே பெண்ணை அனுப்ப வேண்டி வந்தது. இவருடைய ஒரே மகள் நெஞ்சு நோய் வார்டில் நர்ஸ். அங்கே தொற்றிய காசநோய், கொடுத்த மாத்திரை எதற்கும் அடங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். மாதிரி வழியில் கெட்டுப்போனால் மறுபடி எடுத்து அனுப்பி, பதில் வருவதற்குள் என்ன ஆகுமோ என்று தலைமை டாக்டரே கவலைப்பட்டார். அன்று இவர் மகளின் சளி இருந்த குழாயைப் பெட்டிக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். காதோரம் குனியவே இல்லை.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் தலையில் கை வைத்தார்.

"மடிக்கலை தம்பி."

"என்னதுண்ணே?"

"டேப்பு முனைய மடிக்க மறந்துட்டேன். அந்தம்மா கத்தியை எடுத்துடுவாங்க. கத்தி உள்ள எறங்கி, குழாயில பட்டுச்சுன்னா?"

குழாய் கெட்டியான டப்பாவுக்குள் இருக்கிறது, அதைக் கட்டி வைத்தவரே நீங்கள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. பதில் வரும்வரை மேசை மேல் வெந்நீர் ஆறிக்கொண்டே கிடந்தது.

ஒருநாள் காலை தலைமை டாக்டர் தாமே எங்கள் அறைக்கு வந்தார். "ரெண்டு மருந்து நல்லா கேக்குமாம். உங்க பொண்ணுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்."

பெட்டிக்காரர் எழுந்து நின்றார். "ஜில்லுன்னே போய்ச் சேந்துச்சா டாக்டரம்மா?"

"ஜில்லுன்னுதான் இருந்துச்சாம்" என்று சிரித்தார் டாக்டர். அதற்கப்புறம்தான் இவர் உட்கார்ந்தார். குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

மறுவாரம் அந்தப் பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. வழக்கம்போல் திட்ட வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். டேப்பின் ஒரு முனை, சுண்டுவிரல் நகத்தளவு, உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

"இத்தனை நாளும் பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க" என்றார்.

நான் அந்த மடிப்பைப் பிடித்து இழுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். பெட்டியை மெல்லத் திருப்பி வைத்து, ஒட்டிக் கிடந்த மறுமுனையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.