மாம்பால் பட்ட கை

மாங்காய் பறிக்கிற கையில் பால் படாமல் இருக்காது. காம்பை ஒடித்ததும் பீய்ச்சி அடிக்கும். தோலில் பட்டால் எரியும், மறுநாள் கறுக்கும், பிறகு நீளமாக உரிந்து வடுவாகும். சீசன் நேரத்தில், கேரள எல்லையில் மாந்தோப்புகள் நிறைந்த எங்கள் முதலமடையில் யாருடைய முன்கையைப் பார்த்தாலும் இது தெரியும். பாலக்காட்டு செஷன்ஸ் கோர்ட்டில் இதை நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அதில்தான் என் நண்பன் கொலைக் கேசிலிருந்து தப்பித்தான்.

அவனும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. நான் சட்டம் படிக்கப் போனேன், அவன் அப்பாவின் மாந்தோப்புக்குப் போனான். என் அப்பா இறந்த அன்று நான் கை கால் ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது ஊருக்கெல்லாம் சொல்லி, விறகு வாங்கி, பாடைக்குத் தோள் கொடுத்தது அவன்தான். பிற்பாடு நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

செத்தவர் அவனுக்கு அண்ணன் முறை, பங்காளி. அடுத்த தோப்புக்காரர். இரண்டு தோப்புக்கும் ஒரே போர்வெல். ஒருநாள் இவனுக்குத் தண்ணீர், மறுநாள் அவருக்கு. அந்த வருஷம் தண்ணீர் அடியில் போய்விட்டது. முறை மாற்றி மோட்டாரைப் போட்டது யார் என்று ஒரு காலையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. அதை நாலு பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் தோப்புத் தொட்டியில் மிதந்தார். பின்மண்டையில் அடி. ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் ஊறியதால் நகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் இவனைப் பிடித்தபோது இடது முன்கையில் மூன்று நீளக் கோடுகள் இருந்தன. செத்தவர் போராடும்போது பிறாண்டியது என்று எழுதினார்கள். சண்டையை விட்டால் கேஸில் இருந்தது அந்த மூன்று கோடுகள்தான்.

சப்ஜெயிலில் பார்க்கப் போனேன். தாடி முளைத்திருந்தது. சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் சட்டைக் கையை மேலே ஏற்றினான்.

"மாப்ளே, இது மாம்பாலுடா. பறிப்பு நேரமல்ல? அப்பிடியே சொல்லு, போதும்."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் இருவரும் அடுத்தவர் தோப்பில் மாங்காய் திருடினோம். எனக்கு உதடு வெந்து ஒரு வாரம் கஞ்சிதான். அதே காயைக் காம்போடு கடித்த அவனுக்கு ஒரு பொட்டுப் புண் இல்லை. "உனக்கென்னடா எருமைத் தோலு" என்று நான் அழுதுகொண்டே திட்டினேன். பெரியவனான பிறகும் பறிக்க வந்த ஆட்களிடம் முன்கையில் பாலை ஊற்றிக் காட்டி வீறாப்புப் பேசுவான். மாம்பால் அவனை ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"என்னைக்குடா உனக்குப் பால் பட்டு வெந்திருக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் நான் கேஸை விட வேண்டும், அவன் உள்ளேயே கிடப்பான். "சரிடா" என்றேன்.

கோர்ட்டில் எல்லாம் எனக்குச் சாதகமாகவே நடந்தது. அரசுத் தரப்பு வக்கீல் கடற்கரைப் பக்கத்துக்காரர். மாம்பழத்தைக் கிலோ கணக்கில் கடையில் வாங்கிய பழக்கம் மட்டுமே உள்ளவர். டாக்டரிடம், மாம்பால் பட்ட காயத்தை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் இது கீறல்தான், வெந்த காயமல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்றேன். முடியாது என்றார். பறிப்புக்காரர் ஒருவரைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றி, சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னேன். அதே மாதிரிக் கோடுகள். ஜட்ஜ் முன்னால் குனிந்து பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பரிமாறுகிறவன் நானாக இருந்தால் மறைக்கலாம்.

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பதில் நன்றாகத் தெரிந்த கேள்வியையும் சில சமயம் கேட்கக் கூடாது. செத்தவரின் மனைவி கூண்டில் ஏறினபோது நான் கேட்டது இரண்டே கேள்வி. அப்போது பறிப்பு நடந்துகொண்டிருந்ததா? நடந்துச்சுங்க. பறிக்கிறவர்கள் கையில் பால் பட்டுப் புண் வருமா? வருமுங்க. போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா இறங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜட்ஜ் போகலாம் என்று சொன்ன பிறகுதான் இறங்கினார்.

சந்தேகத்தின் பலனில் விடுதலை. அவன் என்னைக் கட்டிப் பிடித்து அழுததில் என் கோட்டுத் தோள் நனைந்தது. "நீ இல்லீன்னா நான் இல்லடா" என்றான். நானும் அழுதேன். சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்பீல் கெடு முடிந்த பிறகு ஒருநாள் அந்தம்மா எங்கள் தாலுகா ஊரான சித்தூரில் என் ஆபீசுக்கு வந்தார். கணவரின் வாட்ச் கேஸ் பொருளாகக் கோர்ட்டில் இருந்தது, அதைத் திரும்ப வாங்க மனு வேண்டும் என்றார். வேறு வக்கீலிடம் போயிருக்கலாம். என்னிடம்தான் வந்தார். நான் தலை நிமிராமல் எழுதினேன்.

"அண்ணா" என்றார். நான் அவனுக்கு மாப்பிள்ளை முறை, அதனால் அவருக்கு அண்ணன். "கட்டிக்கிட்டு வந்து இருவது வருசமாச்சுங்க. கொழுந்தனாரு கையில ஒரு கொப்புளம் நான் பாத்ததில்லீங்க."

பேனா நின்றது. "அதைக் கோர்ட்டில சொல்லியிருக்கலாமேம்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"கோடதியில கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும்னு சொன்னாங்க. அரசாங்க வக்கீலுக்கு ஒண்ணும் தெரியிலீங்க. உங்களுக்குத் தெரியுமல்லங்க, நீங்க கேப்பீங்கன்னுதான் நின்னுட்டே இருந்தனுங்க."

குரல் ஏறவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். மனுவை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"எங்கீங்கண்ணா கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.