பள்ளத்தில் கேட்ட மணி

எண்பதுகளில் ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள், நானும் மாமன் மகன் செல்வமும் திண்டிவனத்திலிருந்து பஸ் கூரையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். அடிவாரத்திலிருந்து மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே மலையேறி, ஏரிக்கரையில் அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, தின்றோம்.

பூஜைக்காகச் செல்வம் தன் சைக்கிளை மல்லாட்டை எண்ணெய் போட்டு, சக்கரத்தின் ரிம் வரைக்கும் பளபளவென்று துடைத்திருந்தான். எனக்குச் சோம்பல், பொட்டு மட்டும் வைத்தேன். மேடு பள்ளம் இல்லாத ஊர் எங்களுடையது. காலை ஊன்றியே வண்டியை நிறுத்திப் பழகிய எங்களுக்கு, எண்ணெய் பட்ட ரிம்மில் பிரேக் வழுக்கும் என்று தோன்றவே இல்லை.

“ஜல்தியா வாடா, மிதிக்காமலே போய்க்கினு இருக்கலாம்!” என்று அவன்தான் முதலில் இறங்கினான். இரண்டாவது வளைவில் குரல் மாறியது.

“மச்சான், பிரேக்கு புடிக்கலடா!”

மணியை விடாமல் அடித்துக்கொண்டே திருப்பத்தில் மறைந்தான்.

பின்னாலேயே நான் போய்ப் பார்த்தால், சாலையில் யாருமில்லை. கீழே பள்ளத்தில் மட்டும், பாறைக்குப் பாறை மோதி, அந்த மணி ஒலித்துக்கொண்டே இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலை விளிம்புக்கு ஓடினேன்.

“இங்கதான்டா கீறேன்” என்று காலடியில் முனகல் கேட்டது. விளிம்பில் ஒரு புதரைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தான்.

இப்போதெல்லாம் பூஜை முடிந்ததும் ரிம்மைச் சாம்பல் போட்டுத் துடைத்து, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுகிறேன். செல்வம் புதிதாக வாங்கிய சைக்கிளில் மணியே வைக்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது மணியடித்தால், நான் திரும்பிப் பார்ப்பதில்லை, கீழே பார்க்கிறேன்.